இருநூற்றைம்பது மீட்டர்

கடல் உறைந்த பிறகுதான் எனக்கு வேலை.
ரோஹுக்யுலா கரையில் ஒரு தகரக் குடில்,
ஒரு ஸ்டாப்வாட்ச், விரல் நுனி வெட்டிய கையுறை.
எதிரே தீவு வரைக்கும்
இருபத்தாறு கிலோமீட்டர் பனிக்கட்டிச் சாலை.
அந்தக் கரையில், ஹெல்தெர்மாவில்,
இதேபோல் இன்னொரு வாட்சோடு விர்வே.
நடுவில் இருப்பது என் சமன்பாடு.

இங்கே சட்டங்கள் தலைகீழ்.
சீட் பெல்ட் போடக் கூடாது.
இருபத்தைந்துக்குக் கீழே போ, இல்லையேல் நாற்பதுக்கு மேலே;
இடைப்பட்ட வேகத்தில்
நீ கிளப்பிய அலையே உன் அடியில் ஓடிவந்து
பனியைக் கீழிருந்து முறிக்கும்.
முன்வண்டிக்கும் உனக்கும் இருநூற்றைம்பது மீட்டர்.
மோதிவிடுவாய் என்பதற்காக அல்ல,
இரண்டு பேர் பாரத்தை ஒரே இடத்தில்
இந்தக் கடல் தாங்காது.

வண்டிகள் கரைக்கு வருவது
தூறலின் முதல் துளிகள் மாதிரி:
சேர்ந்தாற்போல் நான்கு, பிறகு கால்மணி நேரம் எவருமில்லை.
காவலர் ஹெல்டுர் தடுப்புக் கட்டையைத் தூக்கி
மூன்று நிமிடத்துக்கு ஒன்றாக விடுவார்.
அங்கே பிறக்கும் ஒழுங்கு
எத்தனையாவது கிலோமீட்டரில் சாகிறது,
அது தெரிந்தால் போதும் எனக்கு.

கணக்கு எளிது. பின்னால் வருபவன்
முன்னால் போகிறவனைப் பார்க்கிறான்.
இடைவெளி அதிகமென்றால் மிதிக்கிறான்,
குறைந்தால் தயங்குகிறான்.
அந்தத் தயக்கத்துக்கு ஒரு கிரேக்க எழுத்து வைத்திருக்கிறேன்.
மெதுவான வண்டி ஒன்று முன்னே மாட்டினால்
மற்றதெல்லாம் அதன் முதுகில் போய்ச் சேரும்.
ஒன்பது நாள், நானூற்றுப் பன்னிரண்டு வண்டி,
ஒன்றும் என் வளைகோட்டை எதிர்த்துப் பேசவில்லை.

பத்தாம் நாள் காலையில் சவ வண்டி வந்தது.
தீவில் பிறந்தவளாம், லெயிதா. தாலினில் ஆஸ்பத்திரியில் முடிந்துபோனாள்.
அன்றைக்கு வரம்பு இரண்டரை டன்.
பெட்டியோடு சேர்த்து எடை பார்த்தார்கள்,
நாற்பது கிலோ மிச்சமிருந்தது.
பின்னால் ஆறு கார்.
சேர்ந்தே போய்விடுகிறோமே, என்றான்
அளவு பெரிய கறுப்புக் கோட்டில் ஒரு பையன்.
ஹெல்டுர் அவனைப் பார்க்காமல் வாட்சைப் பார்த்தார்.
ஒவ்வொரு ஜன்னலாகத் தட்டி பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்.
மூன்று நிமிடம். மூன்று நிமிடம்.
நூறு மீட்டரில் மூடுபனி ஒவ்வொருவரையும் வாங்கிக்கொண்டது.

சவ வண்டி மணிக்கு இருபதில்தான் போயிருக்கிறது.
கணக்குப்படி பின்னவர்கள் நெருங்கியிருக்க வேண்டும்,
நாற்பத்தைந்து நொடிக்கு ஒருவராகக் கரையேறியிருக்க வேண்டும்.
விர்வே போனில் படித்தாள்:
மூன்று நிமிடம்.
மூன்று நிமிடம் இரண்டு நொடி.
இரண்டு ஐம்பத்தொன்பது.
மூன்று.
வாட்ச் ஓடுகிறதா பார், என்றேன்.
ஓடுகிறது, என்றாள். மூன்று, மூன்று ஒன்று.

கண்ணுக்கே தெரியாததை எப்படிப் பின்தொடர்வது?
முன்வண்டி தெரியாவிட்டால் என் சமன்பாட்டில்
அந்த உறுப்பு பூச்சியம். ஒவ்வொருவரும் தனி.
ஆறு எண்களையும் சிவப்பில் வட்டமிட்டேன், நீக்குவதற்கு.
தேநீரோடு வந்த ஹெல்டுர் எட்டிப் பார்த்தார்.
"ஏழென்று ஏன் எழுதினாய்? போனது ஒரே வண்டி.
நீளம்தான் கொஞ்சம் அதிகம்."

வண்டியின் நீளத்துக்கும் ஓர் எழுத்து உண்டு என்னிடம்.
நாலரை மீட்டர் என்று நிரப்பியிருந்தேன்.
ராத்திரி, யாரும் பார்க்காதபோது,
அழித்துவிட்டு ஆறு கிலோமீட்டர் என்று போட்டேன்.
எதுவும் சரிவரவில்லை.
கோடு திரையை விட்டே வெளியேறிவிட்டது.

பன்னிரண்டாம் நாள் தெற்குக் காற்று. சாலையை மூடினார்கள்.
தரவு போதாது; கட்டுரை கிடையாது.
தார்த்துவுக்குத் திரும்பும் தார்ச்சாலையில்
இரண்டு நொடிகூட விடாமல்
ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு போனோம்,
யாரென்று யாருக்கும் தெரியாமல்.
கார் டிங் டிங் என்று கத்திக்கொண்டே வந்தது.
பெல்ட்.
பாதி வழி தாண்டித்தான் போட்டேன்.